நடுவில் மட்டும் பழைய படம்

நான் டென்மார்க்கில், ஓகூஸ் நகரத்தில் ஒரு சிறிய நிறுவனத்தில் டிரைவர் எழுதுகிறேன். ஒரு கருவியின் மின்சுற்றையும் அதன் மேல் ஓடும் இயங்குதளத்தையும் ஒன்றோடொன்று பேச வைக்கிற நிரலுக்கு டிரைவர் என்று பெயர். இதை அம்மாவுக்கு விளக்கியிருந்தேன். அம்மா கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த ஞாயிறு அவர் இருக்கிற ஹொல்ஸ்டெப்ரோவில் தேவாலயத்துத் தமிழ்ப் பூசை முடிந்து எல்லோரும் தேத்தண்ணி குடிக்கும்போது, "மகள் ஓகூஸில டிரைவர்" என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு ஒரு அன்ரி வீடு மாறுவதற்கு என்னிடம் வான் கேட்டார். என்னிடம் வான் இல்லை என்றேன்.

"அப்ப பஸ்ஸோ பிள்ளை?" என்றார்.

எங்கள் வீட்டில் உண்மையிலேயே ஓட்டுகிறவர் என் கணவர். அவர் நகரத்து இலகு ரயிலை ஓட்டுகிறார். அம்மா அவரைப் பற்றிச் சொல்லும்போது "மருமகன் ரயில்வேயில" என்பார். ஊரில் அதற்கு இருக்கிற மதிப்பு எனக்குத் தெரியும். அதனால் நான் திருத்தப் போகவில்லை.

எங்கள் நிறுவனம் செய்வது பன்றிகளுக்குச் சினை பார்க்கும் ஸ்கானர். கழுத்தில் தொங்கவிடக்கூடிய ஒரு சிறு பெட்டி, அதில் ஒரு திரை, ஒரு வயரின் நுனியில் கையடக்கமான ஒரு முனை. முனையில் ஜெல்லைப் பூசிப் பன்றியின் வயிற்றில் வைத்தால் உள்ளே இருப்பது திரையில் தெரியும். சினை என்றால் சாம்பல் நிறத்துக்கு நடுவில் கறுப்பு வட்டங்கள் இருக்கும். நீர்ப்பைகள். சினை இல்லை என்றால் வெறும் சாம்பல். இந்த நாட்டில் மனிதரைவிடப் பன்றிகள் அதிகம் என்பதால் இது நல்ல தொழில்.

பன்றிக்குள் போய்த் திரும்பும் ஒலியைப் படமாக்குவது பெட்டிக்குள் இருக்கும் ஒரு தனி மின்சுற்று. அது படத்தைத் தன்னுடைய நினைவகத்தில் எழுதி வைக்கும். அதைத் திரையில் காட்டுவது வேறொரு நிரல். அந்த நிரலால் மின்சுற்றின் நினைவகத்தை நேரடியாகத் தொட முடியாது. இயங்குதளம் விடாது. ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு முகவரி வெளியை ஒதுக்கிக் கொடுத்து, இதற்குள் மட்டும் நில் என்று சொல்லி வைத்திருக்கும். ஆகவே எங்கள் முதல் பதிப்பில் டிரைவர்தான் ஒவ்வொரு படத்தையும் பிரதி எடுத்து நிரலிடம் கொடுத்துக்கொண்டிருந்தது. பன்றி அசையும், படம் கொஞ்சம் பிந்தி அசையும். பற்றரி மத்தியானத்துக்கு முன்னமே தீர்ந்துவிடும்.

பிரதி எடுப்பதை விட்டுவிட்டு, மின்சுற்றின் நினைவகத்தையே நிரலின் முகவரி வெளிக்குள் கொண்டுவந்து பொருத்திவிடுவது என்று முடிவானது. அந்த வேலை என்னிடம் வந்தது. இயங்குதளத்திடம் ஓர் அட்டவணை இருக்கிறது. நிரல் இந்த முகவரியைக் கேட்டால் அந்த நினைவகத்தைக் காட்டு என்று அதில் எழுதிவிட வேண்டும். அதன் பிறகு நிரல் தன் சொந்த நினைவகத்தைப் படிப்பதாக நினைத்துக்கொண்டு மின்சுற்றின் நினைவகத்தைப் படிக்கும். எழுத வேண்டியது சிறிய நிரல்தான், ஆனால் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். நிரல் கேட்கிற அளவைச் சரிபார்க்காமல் கொடுத்தால், படத்தைத் தாண்டி மின்சுற்றைக் கட்டுப்படுத்தும் இடங்களும் அதன் கைக்குப் போய்விடும். அது ஒன்று. மற்றது கேஷ்.

கருவியின் மூளையான புரொசெசர், அதாவது செயலி, தான் ஒரு தடவை படித்ததைப் பக்கத்திலேயே ஒரு பிரதி வைத்துக்கொள்ளும். மறுபடி கேட்டால் தூரம் போகாமல் அந்தப் பிரதியை எடுத்துக் கொடுக்கும். அந்த இடத்துக்குத்தான் கேஷ் என்று பெயர். சாதாரண நினைவகத்துக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் எங்கள் மின்சுற்று தன் நினைவகத்தைச் செயலிக்குச் சொல்லாமலே மாற்றிக்கொண்டிருக்கும். செயலியோ எதுவும் மாறவில்லை என்ற நம்பிக்கையில் பழையதையே கொடுக்கும். அதனால் அட்டவணையில் அந்த இடத்துக்கு ஒரு குறி போட வேண்டும். இதைப் பிரதி எடுத்து வைக்காதே, ஒவ்வொரு தடவையும் போய்ப் பார் என்று. நிரலில் அது ஒரே ஒரு வரி.

அந்த வரியை நான் எழுதியிருந்தேன். கருவி நன்றாக ஓடியது. பிறகு நான் சில வாரங்கள் வேலைக்குப் போகவில்லை.

அந்த வரியை எழுதிய நாட்களில் எனக்கு முதல் பிள்ளை வயிற்றில் இருந்தது. ஆஸ்பத்திரியில் ஸ்கான் செய்த பெண் முனையை வைத்தார், கொஞ்சம் நகர்த்தினார், பிறகு நகர்த்தவில்லை. திரையில் படம் அசையாமல் நின்றது. கருவி உறைந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். நிறுத்திவிட்டுத் திரும்பப் போடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், "ஒரு நிமிடம், டொக்டரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்" என்று எழுந்து போய்விட்டார். கணவர் என் கையைப் பிடித்தார். அப்போதும் நான் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கருவியில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

வேலைக்குத் திரும்பியபோது எங்கள் கருவியில் புதிய செயலி இருந்தது. வேகமானது, விலை குறைந்தது. நான் இல்லாத நாட்களில் எங்கள் மேலாளரே என் டிரைவரைப் புதிய செயலிக்கு மாற்றி எழுதியிருந்தார். அவர் யூட்லாந்தின் மேற்குக் கரையைச் சேர்ந்த, ஐம்பது தாண்டிய மனிதர். தேவைக்கு மேல் ஒரு சொல் பேச மாட்டார். டேனிஷில் எல்லோரும் எல்லோருக்கும் ஒரே "நீ"தான். ஆனால் நான் அவரைப் பற்றித் தமிழில் எழுதும்போது கை தானாக "அவர்" என்று போகிறது. அப்படியே விட்டுவிடுகிறேன். நான் திரும்பி வந்த அன்று அவர் என் மேசைக்கு வந்து, "கோப்பி?" என்று கேட்டார். அவரளவில் அது நீண்ட ஆறுதல்.

புதிய கருவியை ஆய்வறையில் எல்லா விதமாகவும் சோதித்திருந்தார்கள். சோதனைக்கு எங்களிடம் கெட்டியான ஒரு ஜெல் கட்டி இருந்தது, உள்ளே பன்றியின் வயிற்றைப் போலக் கறுப்பு வட்டங்களோடு செய்யப்பட்டது. முனையை வைத்தால் வட்டங்கள் தெரியும். எத்தனை தடவை வைத்தாலும் அதே வட்டங்கள் அதே இடத்தில் தெரியும். எல்லோருக்கும் திருப்தி.

வருடக் கடைசியில் விபோர்க்குக்கு வெளியே ஒரு பண்ணையில் கருவியைக் காட்டப் போவதென்று ஏற்பாடு. நானும் வர வேண்டும் என்று மேலாளர் சொன்னார். எனக்கு அப்போது திரும்பவும் நாள் தள்ளிப் போயிருந்தது. கணவரைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அம்மாவுக்குக்கூட. ஆஸ்பத்திரி ஸ்கான் முடியும் வரைக்கும் வாயைத் திறப்பதில்லை என்று இருவரும் முடிவு செய்திருந்தோம். வர முடியாது என்றால் காரணம் சொல்ல வேண்டும். போனேன்.

டேனிஷ் பன்றிப் பண்ணைக்குள் குளிக்காமல் போக முடியாது. நாங்கள் பன்றிகளுக்கு ஏதாவது நோயைக் கொண்டுபோய்விடக் கூடாது என்பதற்காக. குளித்து, பண்ணையின் நீல மேலாடையையும் பூட்சையும் போட்டுக்கொண்டு, மடிக்கணினியோடு நடைபாதையில் நின்றேன். வாயால் மூச்சு விட்டேன். பன்றிகளுக்குக் கிட்டப் போக வேண்டிய வேலை எனக்கு இல்லை என்பது ஒரு நிம்மதி.

பண்ணைக்காரர் மேலாளரை விடவும் குறைவாகப் பேசுபவர். கருவியைக் கழுத்தில் மாட்டினார், முதல் பன்றிக்கு முனையை வைத்தார். கறுப்பு வட்டங்கள். "சினை" என்றார். அடுத்தது. கறுப்பு வட்டங்கள். "சினை." அதற்கடுத்த பன்றியிடம் கொஞ்ச நேரம் நின்றார்.

"இதுவும் சினை என்று காட்டுகிறது."

"நல்லது" என்றார் மேலாளர்.

"இது நேற்றுத்தான் குட்டிகளை விட்டுப் பிரித்த பன்றி. இன்னும் ஆணோடு சேர்க்கவே இல்லை."

பண்ணைக்காரர் யோசித்துவிட்டு, வரிசையின் கடைசியில் தனிக்கூட்டில் நின்ற ஆண் பன்றியிடம் போனார். அது வண்டி மாதிரிப் பெரியது. முனையை வைத்தார். திரும்பி எங்களைப் பார்த்தார்.

"இவனும்" என்றார்.

மேலாளர் கருவியை வாங்கித் திரையைத் துடைத்தார். முனையைத் துடைத்தார். மனிதரில் வைத்துப் பார்ப்போம், அப்போது தெரிந்துவிடும் என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "நீதான் மெல்லிசு. உன்னில் படம் தெளிவாக வரும்."

என் கையில் மடிக்கணினி இருந்தது. அதை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்கு இந்த ஜெல் ஒத்துக்கொள்ளாது" என்றேன்.

அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை. தன் மேலாடையின் சிப்பை இறக்கி, பனியனைத் தூக்கி, ஜெல்லைப் பூசி, முனையைத் தன் வயிற்றில் வைத்தார். மூன்று பேரும் திரையைக் குனிந்து பார்த்தோம். ஓரங்களில் அவர் மூச்சுக்கு ஏற்றபடி சாம்பல் நிறம் ஏறி இறங்கியது. நடுவில் கறுப்பு வட்டங்கள் அசையாமல் இருந்தன.

"வாழ்த்துக்கள்" என்றார் பண்ணைக்காரர். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

மேலாளர் பனியனை இறக்கினார். நான் அந்தத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரம் அசைகிறது, நடு அசையவில்லை. ஜெல் கட்டியில் இது தெரிந்திருக்கவே முடியாது, ஏனென்றால் ஜெல் கட்டி அசைவதில்லை. என் வயிற்றில் வைத்திருந்தாலும் அதே வட்டங்கள்தான் வந்திருக்கும். பன்றியின் வட்டங்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. எனக்கு மட்டும் இன்னொரு தடவை அசையாத ஒரு திரைக்கு முன்னால் நிற்க வேண்டியிருந்திருக்கும்.

திரும்பி வரும்போது காரில் பாதி வழி வந்த பிறகு மேலாளர், "ஆண் பன்றி" என்றார். கொஞ்சம் கழித்து, "அவனைக்கூட விடலாம். நானுமா?" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த நாள் காலையில் டிரைவரைத் திறந்து பார்த்தேன். குறி போடும் வரி இல்லை. பழைய பதிப்பில் இருக்கிறது, புதிய செயலிக்கு மாற்றிய பதிப்பில் இல்லை. யார் எப்போது எதை மாற்றினார்கள் என்பது எங்கள் வேலையில் ஒவ்வொரு வரிக்கும் பதிவாகியிருக்கும். அதைப் பார்க்காமலே எனக்குத் தெரியும். பழைய செயலியில் அந்த நினைவகத்துக்குக் கேஷ் இயல்பாகவே கிடையாது. என் வரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். தேவையில்லாத வரி என்று யாரும் நினைக்கலாம். புதிய செயலி அப்படியல்ல. படத்தின் சில பகுதிகளைப் பிரதி வைத்துக்கொண்டு, இடம் போதாதபோது மட்டும் சிலதைப் புதிதாகப் படித்தது. திரையின் ஓரங்களில் எப்போதும் மாறிக்கொண்டிருந்த எழுத்துக்கள் கேஷில் இடம் பிடித்து, ஓரங்களின் பழைய பிரதியை வெளியே தள்ளியிருக்க வேண்டும். நடுப்பகுதி சௌகரியமாகத் தங்கிவிட்டது.

வரியைத் திருப்பிப் போட்டேன். கருவியில் ஏற்றினேன். ஜெல் கட்டியில் வைத்தேன். வட்டங்கள் வந்தன. இதற்கு முன்பும் வந்தனதானே. கையில் வைத்தேன், எலும்பு தெரிந்தது, வட்டங்கள் இல்லை. அது போதும் என்று விட்டிருக்கலாம். ஆனால் எனக்கு உள்ளுக்குள் ஏதாவது அசைகிற ஒன்று வேண்டும் என்று பட்டது. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எல்லோரும் மத்தியானச் சாப்பாட்டுக்கு மேலே போனார்கள். நான் ஆய்வறைக் கதவைப் பூட்டினேன். கதிரையில் சாய்ந்து சட்டையைத் தூக்கினேன். ஜெல் குளிர்ந்தது. எங்கே வைப்பது என்று ஒழுங்காகத் தெரியாது, பன்றிக்கு எங்கே வைப்பது என்றுதான் தெரியும். தொப்புளுக்குக் கீழே வைத்து, மெல்ல மெல்லச் சரித்தேன்.

ஒரு கறுப்பு இடம் வந்தது. அதற்குள் ஒரு வெள்ளைத் துண்டு, அவரை விதை அளவு. அதன் நடுவில் ஏதோ துடித்தது.

உடனே முனையை எடுத்துவிட்டேன். திரை வெறும் சாம்பலானது. கையில் வைத்தேன். கை. ஜெல் கட்டியில் வைத்தேன். வட்டங்கள். திரும்ப வயிற்றில். கொஞ்சம் தேட வேண்டியிருந்தது. பிறகு வந்தது, அதே கறுப்பு, அதே துண்டு, அதே துடிப்பு. ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பது சரியான சோதனை முறை. அதை நான் தேவைக்கு மேல் செய்தேன். ஒவ்வொரு தடவையும் அது துடித்துக்கொண்டிருந்தது. செயலி ஒவ்வொரு தடவையும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறது என்பது எனக்குத் தெரியும், அந்த வரியை நான்தான் போட்டேன். ஆனாலும் அழுதேன். ஜெல் துடைக்கிற கடதாசி பக்கத்தில் இருந்தது நல்லதாகப் போயிற்று.

சாப்பாடு முடிந்து வந்த மேலாளரிடம் திருத்திவிட்டேன் என்றேன்.

"எதில் சோதித்தாய்?"

"கையில். ஜெல் கட்டியில். உயிருள்ள ஒன்றில்."

"எது?"

நான் சட்டையைக் கீழே இழுத்துவிட்டேன். அவர் என் சட்டையைப் பார்த்தார். கீழ்ப்பகுதி ஜெல்லால் நனைந்திருந்தது. பிறகு அவர் சுவரைப் பார்த்தார். நேற்று என்னைப் பார்த்து மெல்லிசு என்று சொன்னதை அவர் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும், காது சிவந்தது.

"படம் எப்படி?" என்று கேட்டார்.

"அசைகிறது."

அவர் தலையை ஆட்டினார். "மோசமில்லை" என்றார். எங்கள் பக்கத்து டேனிஷில் அதற்கு மேல் ஒரு பாராட்டுக் கிடையாது. கதவு வரைக்கும் போய்த் திரும்பி, "இனிப் பண்ணைக்கு நீ வர வேண்டாம்" என்றார்.

எங்கள் இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய பிழையால் வேலை குழம்பியதோ அவர் கேக் கொண்டுவர வேண்டும். நான் ஒருவரிடமும் எதுவும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் பொதுமேசையில் ஒரு பெரிய கேக் இருந்தது, மேலே மாஸிபான் என்கிற பாதாம் இனிப்புப் பூசி. யாருடையது என்று கேட்டார்கள். "என்னுடையது" என்றார் மேலாளர். ஏன் என்று கேட்டார்கள். "ஒரு வரி" என்றார். எனக்கு வெட்டிய துண்டு மற்றவர்களுடையதைவிட இரண்டு மடங்கு பெரியது.

கணவரிடம் துடிப்பைப் பார்த்த அன்றே சொல்லியிருந்தேன். அவர் வேலை முடிந்து வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"பார்த்தனான்" என்றேன்.

"எதை?"

"துடிக்குது."

ஒரு சப்பாத்தோடு நின்றார். "ஆஸ்பத்திரிக்குப் போனனீரோ? எனக்குச் சொல்லாமலோ?"

"இல்லையப்பா. வேலையில. எங்கட மெஷினில."

"பண்டி பாக்கிற மெஷினிலயோ?"

"ஓம்."

அவர் மற்றச் சப்பாத்தையும் கழற்றி இரண்டையும் ஒழுங்காக வைத்தார். பிறகு கதிரையில் இருந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அம்மாவிடம் மட்டும் மறைக்க மனம் வரவில்லை. ரெலிபோனில் சொல்லும்போது மெஷின் பகுதியை விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அம்மா வயோதிபர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறவர், கேள்வி கேட்கத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு இன்னும் போகவில்லை என்றால் எப்படித் தெரியும் என்று கேட்டார். சொன்னேன்.

"பண்டிக்கு வைக்கிறதையோ வைச்சனி?"

"கழுவித்தான் வைச்சனான் அம்மா."

"அது மனுசருக்கும் சரியாக் காட்டுமோ?"

"இப்ப காட்டும்."

"முந்திக் காட்டேலையோ?"

"முந்தி எல்லாருக்கும் பண்டிதான் காட்டினது."

அம்மா இதையும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "சரி. சாப்பிட்டனியோ?" என்றார்.

திருத்திய கருவியோடு மேலாளர் தனியாக விபோர்க்குக்குப் போய் வந்தார். சினையான பன்றிகள் சினை, மற்றவை இல்லை. ஆண் பன்றிக்கும் வைத்துப் பார்த்தார்களா என்று கேட்டேன். முதலில் அதற்குத்தான் வைத்தார்கள் என்றார். பண்ணைக்காரர் இரண்டு கருவிகள் கேட்டிருந்தார்.

பிறகு எங்களுக்கு ஆஸ்பத்திரியில் நாள் வந்தது. வேறு அறை, வேறு பெண். அவர் முனையை வைத்தார், நகர்த்தினார், நிறுத்தினார். நான் கணவரின் கையைப் பிடித்தேன். அந்தப் பெண் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். பழக்கதோஷத்தில் நான் முதலில் ஓரங்களைப் பார்த்தேன், பிறகு நடுவைப் பார்த்தேன். நடுவில் ஒரு கை முகத்துக்கு மேலே போய் இறங்கியது.

"இது இப்போதைய படம்தானே?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தார். "வேறு எப்போதையது?"

"இவர் இந்த வேலைதான் செய்கிறார்" என்று கணவர் விளக்கினார், டேனிஷில்.

"அப்படியா? எந்த ஆஸ்பத்திரியில்?"

"ஆஸ்பத்திரி இல்லை" என்றேன்.

அவர் மேலே கேட்கவில்லை, அளவெடுக்கத் தொடங்கினார். தலை, முதுகு, கால். ஒவ்வொன்றுக்கும் படத்தை நிறுத்தி, அளந்து, திரும்ப ஓட விட்டார். நிறுத்தும்போதெல்லாம் என் விரல்கள் இறுகியதைக் கணவர் கவனித்திருக்க வேண்டும். போனை எடுத்து, ஒரு படம் எடுக்கலாமா என்று கேட்டார். எடுக்கலாம் என்றார் அந்தப் பெண்.

"ஃபோட்டோ வேண்டாம்," என்றேன், "வீடியோ எடுங்கோ."